கற்பிப்போன் வளர்ச்சி யார் பொருட்டு?

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மாணாக்கன் புலமை நிரம்புமாற்றைப் பொதுப்பாயிரத்துட் கூறுமிடத்து ஒரு கணக்குச் சொல்லுகின்றார். ஆசிரியன் உரைத்ததனை எத்துணைச் செவ்வையாகக் கேட்டுக்கொள்ளினும் அதனால் வருவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதனைப் பிறர்க்கு விரித்துரைக்கும்பொழுதே வந்து நிரம்பும் என்பது அவர் கருத்து. இளமையில் இதனைப் படித்தஞான்று யான் இதன்கண் வியப்பொன்றுங் கண்டிலேன். தேர்வின்பொருட்டு நெட்டுருச் செய்து அப்பாற் சென்றேன். முதியோர்க்கு எழுத்தறிவிக்கும் பணியிற் பல்லாண்டு கழித்தபின் இப்பொழுது நோக்குங்கால், இக்கணக்கு ஓர் ஐயத்தை எழுப்பி என்னை வருத்துகின்றது. கற்பிப்பவனுக்குப் புலமையின் அரைப்பங்கு கற்பித்தலாலேயே வருமாயின், அவன் முன்னிருந்து கேட்பவர் அவனுக்கு ஏணியாகின்றனர் என்பது பெறப்படும். ஏறினவன் மேனிலை எய்துகின்றான். ஏணிக்கு வருவது யாது?

இவ்வினா சிறார்க்குக் கற்பிப்போரினும் முதியோர்க்குக் கற்பிப்போரையே மிகுதியும் பற்றுவதாம். என்னை? சிறாரைப் பெற்றோர் பள்ளிக்கு அனுப்புகின்றனர். ஓராசிரியன் பிழைபடக் கற்பிப்பினும் மறுவாண்டில் வேறோராசிரியன் அதனைத் திருத்தக்கூடும். முதியவரோ பகலெல்லாம் உழைத்துக் களைத்து, நாணத்தை விட்டுத் தாமே வருகின்றனர். தாமே நின்றுவிடவும் வல்லர். ஒருமுறை நின்றுவிட்டாராயின் அவர்க்கு மறுவாண்டு என்பதொன்று பெரும்பாலும் இல்லை. ஆகவே ஈண்டு ஆசிரியன் செய்யும் சிறுபிழையும் பெரும்பிழையாய் முடிகின்றது.

1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்நாட்டில் எழுத்தறிந்தார் நூற்றுக்குப் பதினெண்மரே. 2011-இல் அத்தொகை எழுபதைக் கடந்தது. இவ்விரண்டற்கும் இடையே நிகழ்ந்த முயற்சிகள் பல. 1990-இல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் நம் நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான தொண்டர் ஊதியமின்றி மாலைதோறும் ஊர்ப்புறங்களிற் சென்று கற்பித்தனர். எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பயின்ற மகளிர் பல்லாயிரவர். கல்லுடைக்குந் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்டிர் சிலர் குழுவாய்க் கூடிக் கற்குழிகளைத் தாமே குத்தகைக்கெடுத்து நடத்தவுந் துணிந்தனர். இவையெல்லாம் புகழத்தக்கனவே. யான் ஈண்டுச் சொல்லப்புகுந்தது அப்புகழன்று. அதன் ஓரத்தே எனக்கு நேர்ந்த ஓரிழுக்கு.

அப்பொழுது எனக்கு அகவை 34. பள்ளியொன்றில் தமிழாசிரியனாயிருந்து, மாலைப்பொழுதில் தொண்டனாய்ச் சென்றேன். ஊர்க்கோடியில் ஒரு திண்ணை, அரிக்கேன் விளக்கொன்று, பன்னிருவர் பெண்டிர். அவருள் அறுபதை அணுகிய அம்மையார் ஒருவர் கற்குழியிற் சல்லியுடைப்பவர். முதன்முறை எழுதுகோலைக் கையிற் கொடுத்தபொழுது அவர் அதனை விரல்களாற் பற்றாமல் கைப்பிடிக்குள் இறுக்கிப் பிடித்துத் தாளின்மேல் ஊன்றினார். தாள் கிழிந்தது. யான் நகைத்து, “ஆத்தா, இது உளியில்லே, பென்சிலு, நோட்டைப் பொளந்துறாதே” என்றேன். எல்லாரும் நகைத்தனர். அவ்வம்மையாரும் நகைத்தார். கூட்டத்தைக் கலகலப்பாக்கினேன் என்று என்னையே மெச்சிக்கொண்டு வீடு திரும்பினேன். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஐந்தாம் நாள் விடுமுறையாதலின் அவரைத் தேடிக் கற்குழிக்குச் சென்றேன். வெயிலிற் குந்தியிருந்து, கல் தெறியாதபடி ஒரு வளையத்துள் வைத்துச் சிறு சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். “வாங்க சாமி, உக்காருங்க” என்று நிழலுள்ள இடத்தைக் காட்டினார். பேச்சை எவ்வாறு தொடங்குவதென்றறியாது, அச்சுத்தியலை வாங்கி யானும் ஒரு கல்லை உடைக்க முயன்றேன். நான்கு முறை அடித்தும் அது பொடியுதிர்த்ததேயன்றிப் பிளந்ததில்லை. ஐந்தாமுறை என் பெருவிரலில் அடி வீழ்ந்தது. அவர் நகைத்திலர். விரலை நீரில் நனைக்கச் செய்து, அக்கல்லைத் திருப்பி வைத்து, “கல்லுக்குள்ள ஓட்டம் இருக்கு சாமி. அதுமேல தட்டுனாப் போதும்” என்று காட்டினார். ஒரே தட்டில் அது இரண்டாயிற்று.

வகுப்பிற்கு வருமாறு வேண்டினேன். “எழுத்து நல்லதுதான் சாமி. எனக்குத்தான் நேரம் கெடக்கலே” என்றார். அச்சொல்லிற் சினமில்லை, குறையில்லை. அது மெய்யோ, என்னை நாணுறுத்தாமைப்பொருட்டுச் சொல்லப்பட்ட இன்சொல்லோ என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அவர் பின்னர் வரவேயில்லை. என் வருகைப்பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘இடைநின்றவர்’ என்று என் கையாலேயே எழுதினேன். நின்றவர் அவரல்லர், நிறுத்தியவன் யானே என்பதற்கு அவ்வேட்டில் நிரலில்லை.

இனி இதன்மேல் நிகழ்ந்தது கேண்மின். அந்நிகழ்ச்சி என் கற்பிக்கு முறையையே மாற்றிவிட்டது. அதன்பின் முதல்நாளில் யாருக்கும் எழுதுகோல் கொடுப்பதை விட்டேன். அவரவர் தொழிலில் அவரவர் அறிந்தவற்றைச் சொல்லச் செய்து, அச்சொற்களிலிருந்தே எழுத்தைக் காட்டினேன். கைகள் தடித்தவர்க்குக் கரித்துண்டு கொடுத்துத் தரையிற் பெரிதாய் எழுதுவித்தேன். நின்றுபோனவர் தொகை குறைந்தது. தொண்டர் பயிற்சிக் கூட்டங்களில் என்னைப் பேச அழைத்தனர். யானும் ஒவ்வொரு கூட்டத்திலும் அக்கற்குழிக் கதையை உருக்கமாகச் சொன்னேன். கேட்டோர் கண் கலங்கினர். ‘தம் பிழையைத் தாமே கூறும் பணிவுடையார்’ என்று பெயரும் வந்தது. ஏறக்குறைய இருபதாண்டு இவ்வாறு சொல்லியபின், ஒருநாள் மேடையினின்று இறங்கும்போது நெஞ்சிற் சுரீரென்று ஒன்று தைத்தது. அவ்வம்மையார் இழந்ததை யான் ஈட்டிக்கொண்டிருக்கின்றேன். தம் பெயரை எழுதுதற்கு வந்தவர் அதுதானும் பெறாது போயினார். அவரால் யான் நல்லாசிரியன் ஆயினேன். அதன்மேலும் பணிவுடையான் என்ற பெயரும் பெற்றேன்.

ஆசிரியன் என்றுங் கற்போனாகவே இருத்தல்வேண்டும் என்பது யாவர்க்கும் உடன்பாடு. அதனை மறுப்பார் இலர். ஆதலின் அதனை நிறுவ முயலுதல் வீண். அக்கற்றலின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதே ஆராய்தற்குரியது.

நம் சித்தாந்த நூல்களின் வழி இதனைச் சிறிது நோக்குவாம். உயிர் தானே அறிவதன்று, அறிவித்தால் அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது. கண்ணுக்குக் காணுமியல்பு உண்டாயினும் ஒளியின் உதவியின்றி அது காணாதவாறு போல என்று இதற்கு உவமை கூறுவர். இது கற்கும் உயிருக்கு மட்டும் உரிய இலக்கணமன்று. கற்பிக்கும் உயிருக்கும் ஒப்ப உரியது. ஆசிரியனை விளக்கு என்று போற்றுதல் வழக்கு. ஞானாசிரியனைப் பற்றி அங்ஙனங் கூறுதல் பொருந்தும். எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் எம்போல்வாரை விளக்கென்றல் மிகை. யாம் திரி தூண்டுவோரே. தூண்டுவோனும் அவ்விளக்கின் ஒளியாலேதான் காண்கின்றான். தூண்டுதலைப் பற்றி அவன் கண் தனியொளி பெற்றுவிடுவதில்லை.

அற்றேல், இருவரும் ஒரு தன்மையராயின் கற்பித்தல் எதற்கு எனின், கூறுதும். எழுத்தை யான் அறிவேன், அவர் அறியார். கல்லின் ஓட்டத்தை அவர் அறிவார், யான் அறியேன். வேற்றுமை உண்மையே, ஆனால் அது ஒரு பொருளின்கண் உள்ள வேற்றுமை, ஆளின்கண் உள்ளதன்று. ஒரு பொருளில் முன்னிற்பவன் எல்லாப் பொருளினும் முன்னிற்பவனாகத் தன்னை நினைத்துக்கொள்ளுதலே ஈண்டு ஆணவத்தின் தொழில்.

மேலும் ஒருவர், ஆசிரியன் இன்னுங் கற்பவனாயின் அவன் கற்பிப்பது ஐயத்திற்கிடமானதன்றோ என்று வினாவலாம். அகரம் என்றும் அகரமே, அதில் ஐயமில்லை. யாரிடத்து அதனைக் கொண்டு சேர்க்கின்றோமோ அவர்தாம் நாள்தோறும் புதியர். பொருளைக் கற்றல் ஒருகாலத்து முடியும். ஆளைக் கற்றல் முடியாது. நன்னூலார் ஆசிரியராகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்குவமை கூறினார். அவற்றுள் மூன்று கொடுக்குந் திறத்தின் குற்றங்களையே காட்டுவன. பருத்திக்குண்டிகை ஒன்றே, வாங்குதலும் அரிதாய்க் கொடுத்தலும் அரிதாய் இருத்தலைச் சுட்டுகின்றது. வாங்காமையுங் கொடாமையும் ஒரு பாண்டத்திலேயே கிடத்தலை அவர் கண்டது நுண்ணிது. திண்ணையில் அன்று நகைத்தவன் அத்தகைய குண்டிகையே என்பதில் எனக்கு ஐயமில்லை.

கற்பித்தவர் கற்பவராதற்கு நம் மரபில் அருணந்தி சிவாசாரியாரைக் காட்டிலும் பெரிய சான்று வேண்டா. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அவர் ஆகமங்களெல்லாம் வல்லராய்ச் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர். மெய்கண்டார் பிறந்த குடிக்குக் குலகுரு. திருவெண்ணெய்நல்லூரில் இளஞ்சிறாராகிய மெய்கண்டார் மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லும் இடத்திற்குச் சினத்தோடு சென்று ஆணவத்தின் நிலை யாது என வினாவ, அப்பிள்ளையார் விடைகூறாது அவரையே நோக்கினார் என்றும், அந்நோக்கின் பொருளுணர்ந்த முதியவர் அங்கேயே அடிபணிந்து மாணாக்கராயினார் என்றும் வரலாறு கூறும். பின்னர் அவர் இயற்றிய சிவஞானசித்தியார், ஆசிரியர் நூலை விரித்து விளக்கும் பெருநூலாய் அமைந்தது. பலர் இவ்வரலாற்றிற் பணிந்தமையையே எடுத்துப் புகழ்வர். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. பணிந்தபின் அவர் பழைய மதிப்பைத் திரும்பப் பெறும்பொருட்டு அப்பணிவை வெளியிட்டுக்கொண்டு திரிந்தாரல்லர். நாற்பத்தொன்பதின்மர் மாணாக்கருள் ஒருவராய் அமர்ந்து பாடங்கேட்டார்.

பிறநாட்டிலும் இத்தகையார் உளர். பிரேசில் நாட்டுப் பாவுலோ பிரெயிரே (1921–1997) என்பார் முதியோர் கல்வியிற் பெரும்பெயர் பெற்றவர். 1963-இல் அங்கிகோஸ் என்னும் ஊரில் முந்நூறு தொழிலாளர்க்கு நாற்பது மணிநேரப் பயிற்சியால் எழுத்தறிவித்தமை பற்றி உலகறியப்பட்டார். மறுவாண்டே படையாட்சி வந்தபொழுது சிறைப்பட்டு நாடு நீங்கினார். அவர் முதுமையில், 1992-இல் வெளியிட்ட நூலொன்றில் தம் இளமையில் ரெசிபே நகரில் நிகழ்ந்ததொன்றைக் கூறுகின்றார். பிள்ளைகளை அடித்து வளர்த்தல் தகாதென்று, பியாழே என்னும் உளநூலறிஞர் ஆராய்ச்சியைச் சான்றுகாட்டித் தொழிலாளர் கூட்டத்தில் நெடிது பேசினாராம். முடிவில் நாற்பது வயதுடைய தொழிலாளி ஒருவர் எழுந்து, எங்கள் வீட்டை நீங்கள் கண்டதுண்டா என்று கேட்டு, பேச்சாளரின் வீட்டில் எத்தனை அறை இருக்கும், தம் சிறு வீட்டில் எத்தனை பேர் முடங்கிக் கிடக்கின்றனர், உழைத்துக் களைத்து வருபவன் பசித்தழும் பிள்ளைகளிடையே எவ்வாறு துயில்வான், விடியுமுன் எவ்வாறு எழுவான் என்பவற்றை அமைதியாக எடுத்துரைத்தாராம். அன்பின்மையால் அடிப்பதன்று, வாழ்வின் கடுமை எங்களை அங்ஙனஞ் செய்விக்கின்றது என்பது அவர் சொல்லின் பொருள். வீடு திரும்பும் வழியில், நான் தெளிவாகப் பேசியும் அவர்கள் விளங்கிக்கொள்ளவில்லையே என்று பிரெயிரே குறைப்பட, விளங்கிக்கொள்ளாதவர் நீங்களாய் இருக்கலாகாதோ என்று அவர் மனைவியார் எல்சா வினவினாராம். அத்தொழிலாளியின் பேச்சையே தம் கல்விக்கொள்கைக்கு ஒரு பெருந்திருப்பமாக அவர் எழுதியிருக்கின்றார். படிக்கும்போது எனக்கு நிறைவும் பொறாமையும் ஒருங்கே தோன்றின. அத்தொழிலாளி எழுந்து பேசினார். என் அம்மையார் எழுந்து சென்றார். பேசுதற்கு வாயுள்ளவரிடத்துக் கற்றல் எளிது.

அமெரிக்க நாட்டு மால்கம் நோல்ஸ் என்பவர் 1970-இல் முதியோர் கல்வியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டுச் சிறுவர்க்குக் கற்பிக்கும் முறைக்கு எதிராக முதியோர்க்குக் கற்பிக்கும் முறையை அதன் துணைப்பெயரிலேயே நிறுத்தினார். அம்முறை சிறுவர்க்கும் பயன்படுதலை ஆசிரியர் பலர் கண்டு தெரிவித்தபின், 1980-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘எதிர்’ என்ற பொருள்பட நின்றதை நீக்கி, ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்லுதல் என்ற பொருள்பட மாற்றிவிட்டார். தலைப்பிலேயே தன் திருத்தத்தைக் காட்டும் நெஞ்சுரம் நம் புலவருட் பலர்க்கு வாய்க்காதது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும், 1847-ஆம் ஆண்டிறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் முதியோர்க்குச் சொற்பொழிவு தொடங்கியபோதும், பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நிறுவியபோதும், தாம் எதிர்த்த பாதிரிமாரிடத்துக் கண்டறிந்த முறைகளையே தயங்காது கைக்கொண்டார். கற்றுக்கொள்ளுதற்கு உறவு பகை இல்லை.

இச்சான்றுகளால் என் ஐயம் தீர்ந்ததோவெனின், இல்லை. இவர்கள் கற்றனர் என்பது தெளிவு. ஏணி யாதாயிற்று என்பதே வினா. என் நண்பர் ஒருவர், சித்தாந்தம் நன்கு பயின்றவர், என்னைத் தேற்றும்பொருட்டு ஒரு கணக்குச் சொன்னார்: ‘ஒருவர் இழந்தார், அதனால் நும் முறை திருந்திப் பின்வந்த பலர் எழுத்தறிந்தனர், கூட்டிக் கழித்தால் நன்மையே மிகும்’ என்றார். நெஞ்சம் இதனை ஏற்க விரும்பிற்று. ஆயினும் அவர் பயின்ற நூலே அதனை ஏற்கவில்லை. நல்வினை தீவினைகள் ஒன்றையொன்று கழித்துக் கொள்வனவல்ல. ஒவ்வொன்றின் பயனும் தனித்தனியே நுகர்தற்குரியது. விதித்த கழுவாய்கள் வேறு என்பதன்றோ நம் ஆசிரியர் துணிபு? பின்வந்தவர்க்குச் செய்தது அவர்க்குச் செய்ததே. அவ்வம்மையார்க்குச் செய்யாதது செய்யாததாகவே நிற்கின்றது. இதனை நண்பரிடங் கூறியபோது அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, ‘அங்ஙனமாயின் யாரும் கற்பிக்கத் துணியாரே’ என்றார். துணியத்தான் வேண்டும்; பிழை நேராத ஆசிரியன் பிறந்திலன். ஆனால் தன் பிழையைத் தன் வளர்ச்சிக் கணக்கில் வரவாக எழுதிக்கொள்ளாதிருக்கலாம். யான் கூட்டங்களில் அக்கதை சொல்வதை அந்நாளோடு விட்டேன். இப்பொழுது எழுதுவது ஏன் என்று கேட்பீராயின், அவ்வினா நேரியதே. ஈண்டு எழுதுவதிலும் அவ்வாணவத்தின் நிழல் ஒருசிறிது படிந்திருத்தல் கூடும்.

ஓய்வு பெற்றபின் ஆகம ஏடுகளை நேரே படிக்கவேண்டுமென்ற ஆசையால் கிரந்தவெழுத்துப் பயிலத் தொடங்கியிருக்கின்றேன். புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005-இல் உலக நினைவுப்பதிவேட்டிற் சேர்க்கப்பட்ட காலமுதல் இருந்த ஆசை. 68-ஆம் அகவையிலேதான் கைகூடிற்று. கற்பிப்பவர் இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞர். கிரந்தத்திற் சிலவெழுத்துக்கள் தமிழெழுத்தை ஒத்தும் சில ஒவ்வாதும் இருத்தலின், என் கை பழகிய வழியே ஓடி இடறுகின்றது. கையில் நடுக்கமும் உண்டு. சென்ற திங்களில் ஒருநாள் ஒரே எழுத்தை மூன்றாமுறையும் பிழைபட எழுதியபோது அவ்விளைஞர் சற்றே நகைத்துவிட்டார். தீய எண்ணம் ஒன்றுமில்லை. யானும் உடன் நகைத்தேன்.

மறுநாள் காலையில் முழங்கால் நோவு என்று சொல்லியனுப்பினேன். நோவு சிறிது இருந்ததும் உண்மையே. வீட்டில் அமர்ந்து ஏட்டைத் திறப்பதும் மூடுவதுமாய்ப் பொழுது கழிந்தது. கற்குழியிற் கேட்ட ‘நேரம் கெடக்கலே’ என்ற சொல் அப்பொழுதுதான், முப்பதாண்டுக்கு மேற்பட்ட காலங் கழித்து, எனக்குப் பொருள்பட்டது.

மூன்றாம் நாள் சென்றேன். யான் விட்ட இடத்தில் அவர் ஓர் அடையாளம் வைத்திருந்தார். அவ்வெழுத்தைத் தாளில் ஒருசாண் அளவு பெரிதாய் எழுதி என் முன் வைத்துவிட்டு, தாம் வேறோர் ஏட்டைப் பார்ப்பவர்போலத் திரும்பிக்கொண்டார். முழங்காலைப் பற்றி ஒன்றும் வினவவில்லை.